உமியில சத்து இருக்காம்: குடிக்கவா, அடுப்புல போடவா?

கேள்வி, 2 ஜூன்

அண்ணே, பர்மாவுல மோல்மீன்ல இருந்து எழுதுறேன். எங்க வைபர் குரூப்ல ஒரு வீடியோ சுத்துது. அரிசியோட ஆன்டிஆக்ஸிடன்ட் எல்லாம் உமியிலயும் தவிட்டுலயும்தான் இருக்காம், மில்லுக்காரன் அதை உருவிக்கிட்டு வெறும் மாவைத்தான் நமக்கு விக்கிறானாம். உமியை வறுத்துப் பொடிச்சு வெந்நீர்ல கலந்து குடிச்சா சுகர் இறங்கும்னு சொல்றான். எங்க மாமியார் ரெண்டு நாளா குடிக்கிறாங்க. தொண்டை கரகரங்குதுன்னு அவங்களே சொல்றாங்க, ஆனா நிறுத்த மாட்டேங்கறாங்க. நீங்க அரிசிக்கடைக்காரர், கெமிஸ்ட்ரி வேற படிச்சவர். உண்மையா?

2 ஜூன், ராத்திரி

மொதல்ல அந்தக் கிளாஸைப் பிடுங்கிக் கீழ ஊத்துங்க தங்கச்சி, மத்ததை அப்புறம் பேசுவோம்.

உமின்னா என்னன்னு எங்க தாத்தா பல்லைப் பாத்திருந்தா புரிஞ்சிருக்கும். அவர் ரங்கூன்ல பசுண்டாங் ஓடைக்கரை மில்லு ஒண்ணுல பாய்லருக்கு உமி தள்ளுற வேலை. அந்த மில்லு எல்லாம் நெல்லோட உமியை எரிச்சே ஓடினது, கரிக்குன்னு காசு கிடையாது. வேலை முடிஞ்சு வரும்போது மடியில உமிக்கரி கட்டிக்கிட்டு வருவாராம், வீடு மொத்தத்துக்கும் அதுதான் பல்பொடி. நான் பாத்தப்போ அவருக்கு முன்பல்லு எல்லாம் பாதியாத் தேஞ்சிருந்துச்சு. 100 கிலோ உமியை எரிச்சா 20 கிலோ போல சாம்பல் நிக்கும், அந்தச் சாம்பல்ல பத்துல ஒம்பது பங்கு சிலிக்கா, அதாவது மணல் ஜாதி. நெல்லுச் செடி மண்ணுல இருந்து அதை இழுத்து உமியில கொண்டுபோய் வைக்குது, பூச்சி கடிக்காம இருக்க. பூச்சிக்கே ஆகாததை மாமியாருக்கு ஏன் குடுக்குறீங்க. தொண்டை கரகரங்காம என்ன செய்யும்.

ஆனா வீடியோக்காரன் முழுப் பொய்யும் சொல்லல, அதுதான் எரிச்சல். உமியில ஃபீனாலிக்னு ஒரு ஜாதி ரசாயனம் இருக்கு, ஆக்ஸிஜன் பட்டுக் கெடாம தடுக்கிறது, அதாவது ஆன்டிஆக்ஸிடன்ட். ஜப்பான்ல 1989ல ராமரத்தினம், ஒசாவான்னு ஒரு கூட்டம் நெல்லு உமியில இருந்து ஐசோவைடெக்சின்னு ஒரு ஆன்டிஆக்ஸிடன்டைப் பிரிச்சு எடுத்தாங்க. ராமரத்தினம்னு பேரைப் பாத்ததும் எனக்கு ஒரே குஷி. அவங்க தேடினது என்னன்னா, சில நெல்லு ரொம்ப நாள் வச்சிருந்தாலும் முளைக்குதே, சில நெல்லு சீக்கிரம் செத்துப்போகுதே, ஏன்னு. கடக்குடாரான்னு ஒரு ரகம் ரொம்ப நாள் தாங்கும், அதோட உமியிலதான் இது கிடைச்சுது. ஆக உமி ஆன்டிஆக்ஸிடன்ட் வச்சிருக்கிறது விதைக்காக. மாமியாருக்காக இல்ல.

3 ஜூன், காலை

நேத்து அவசரத்துல ஒண்ணை விட்டுட்டேன். உமி வேற, தவிடு வேற. வீடியோவுல ரெண்டையும் ஒண்ணாப் போட்டு அரைக்கிறான், இந்தக் குழப்பம் நம்ம வீட்டுலயும் இருக்கு, பர்மாக்காரங்க கிட்டயும் இருக்கு, அவங்களும் ஃபுவேன்னு பொதுவாச் சொல்லிட்டு நைசா இருக்கிறதைத் தனியா ஃபுவேநுன்னு சொல்லுவாங்க.

நெல்லு 100 கிலோ போட்டா உமி 20 கிலோ போகும், தவிடு 8, மிஞ்சினா 10, மீதி அரிசியும் நொய்யும். உமி வெளிச்சட்டை. தவிடு அரிசியோட ஒட்டின தோல், அதுல முளையும் சேர்ந்து வரும். எண்ணெய், நார், பி வைட்டமின், நம்ம ஃபீனாலிக் எல்லாம் தின்னக்கூடிய வடிவத்துல இருக்கிறது அங்கதான். பட்டை தீட்டின வெள்ளை அரிசியில இதுல கொஞ்சம்தான் மிஞ்சும்.

இப்ப விஷயம் என்னன்னா, கிராமத்துப் பக்கம் இருக்கிற சின்ன ஹல்லர் மெஷின் இருக்கே, இரும்பு உருளைக்குள்ள நெல்லைத் திணிச்சு ஒரே ஓட்டத்துல உமியும் தவிடும் சேத்து உரிச்சுத் தள்ளும், அதுல இருந்து வர்ற "தவிட்டுல" பாதிக்கு மேல இடிஞ்ச உமி. அது பன்றிக்குப் போகிற சரக்கு. ரப்பர் ரோலர் வச்ச மில்லுல மொதல்ல உமியைக் கழட்டிக் காத்துல பறக்கவிட்டு, அப்புறம் தனியா பட்டை தீட்டுவாங்க, அந்தத் தவிடு சுத்தம். கடையில நான் பாக்கிற முறை சொல்றேன், ஒரு பிடி எடுத்து ரெண்டு உள்ளங்கைக்கு நடுவுல வச்சு அழுத்தித் தேய்ங்க. நல்ல தவிடு பவுடர் மாதிரி வழுக்கும், கை லேசா எண்ணெய்ப் பசையாகும். உமி கலந்ததுன்னா குத்தும், கையில சின்னச் சின்ன ஊசி ஒட்டிக்கிட்டு நிக்கும். வாயில போட்டா தெரிஞ்சுக்கலாமேன்னு நினைக்காதீங்க.

3 ஜூன், மத்தியானம்

கேட்டவங்களுக்கு: ஆமா, எடை எல்லாம் கிலோவுல சொல்றேன். பர்மா வீசையில வேணும்னா 1.6 ஆல வகுத்துக்குங்க. இந்த ஊர்க்காரன் நம்ம வீசையை எடுத்துக்கிட்டு இன்னும் விட மாட்டேங்கறான், நாம விட்டு எத்தனை காலமாச்சு.

7 ஜூன்

தம்பி ஒருத்தர் நல்ல கேள்வி கேட்டிருக்கார், "சரி, தவிட்டுல ஃபீனாலிக் இருக்கு, தின்னா உடம்புல ஏறுமா?" இதுக்குப் பதில் எழுத ஆரம்பிச்சா என் காலேஜ் கதையைச் சொல்லாம முடியாது, பொறுத்துக்குங்க.

நான் சேர்ந்த வருஷமே 1996 கடைசியில காலேஜ் எல்லாம் மூடிட்டாங்க, திறக்கிறதுக்கு 2000 ஆச்சு. நடுவுல அப்பா கடையில மூட்டை தூக்கினேன். திரும்பப் போனப்போ லேப்ல ஒரு பிராக்டிகல், அரிசித் தவிட்டுல மொத்த ஃபீனாலிக் எவ்வளவுன்னு அளக்கணும். தவிட்டை மெத்தனால்ல ஊறவச்சு, வடிகட்டி, அந்தத் தெளிவுல ஃபோலின் ரீஏஜென்ட் ஊத்துவோம், மஞ்சளா இருந்தது நீலமாகும், நீலம் எவ்வளவு கெட்டியோ அவ்வளவு ஃபீனாலிக்னு கணக்கு. நான் ஊத்திட்டு மெஷின்ல வைக்கப் போகும்போது கரண்ட் போச்சு. ரங்கூன்ல அது செய்தியே இல்ல. ஜன்னல் ஓரமா டியூபை வரிசையா வச்சு கண்ணாலேயே நீலத்தைப் பாத்து எழுதினேன், பாஸும் ஆனேன்.

அதுல தப்பு கரண்ட்டோட போச்சுன்னுதான் ரொம்ப வருஷம் நினைச்சுக்கிட்டிருந்தேன். நிஜமான தப்பு வடிகட்டித் தாள்ல இருந்துச்சு. தெளிவை அளந்துட்டு சக்கையைத் தொட்டியில கொட்டினோம் பாருங்க, தானியத்தோட ஃபீனாலிக்ல பெரும்பங்கு அந்தச் சக்கையிலதான். 2002ல கார்னெல் யூனிவர்சிட்டியில அடோம், லியுன்னு ரெண்டு பேர் போட்ட கணக்கு: மக்காச்சோளத்துல 85 சதவீதம், கோதுமையில 76, ஓட்ஸ்ல 75, அரிசியில 62 சதவீதம் கட்டுண்டு கிடக்குது, மெத்தனாலுக்கு அசையாது. சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது காஸ்டிக் சோடா, ஊத்தி ஊறவச்சாத்தான் கழண்டு வரும். அதுக்கு முன்னாடி தெளிவை மட்டும் அளந்தவன் எல்லாம் தானியத்துல ஒண்ணும் பெருசா இல்ல, பழத்துலயும் காய்லயும்தான் இருக்குன்னு எழுதி வச்சுட்டான்.

கட்டுண்டுன்னா எப்படின்னு கேட்டா, தவிட்டுல இருக்கிற செல்லோட சுவர் ஒரு பிரம்புக் கூடை மாதிரி. பிரம்பு எல்லாம் அராபினோசைலன்னு ஒரு சர்க்கரைச் சங்கிலி. ஒரு பிரம்பை இன்னொரு பிரம்போட கட்டுற முடிச்சுதான் ஃபெரூலிக் ஆசிட். நம்ம வயித்துல இருக்கிற ஜீரண நீருக்கு அந்த முடிச்சை அவுக்கத் தெரியாது. பெருங்குடல் வரைக்கும் அப்படியே போகும், அங்க இருக்கிற பாக்டீரியாதான் உக்காந்து ஒவ்வொண்ணா அவுக்கும். அதனால தம்பிக்குப் பதில்: ஏறும், கொஞ்சம், மெதுவா, அதுவும் அந்த பாக்டீரியா தயவுல. சும்மா கரைஞ்சு கிடக்கிற ஃபெரூலிக் சீக்கிரமே ரத்தத்துல ஏறி சில மணி நேரத்துல மூத்திரத்துல போயிரும். மெதுவா வர்றதுதான் குடலுக்கு நல்லதுன்னு சிலர் சொல்றாங்க, எனக்கும் அப்படித்தான் தோணுது, ஆனா அந்த "தோணுது"வை யாரும் வைபர்ல ஃபார்வர்டு பண்ணிராதீங்க.

7 ஜூன், கொஞ்ச நேரம் கழிச்சு

ஃபெரூலிக்னு பேர் எங்கிருந்து வந்துச்சு தெரியுமா? ஃபெரூலான்னா பெருங்காயச் செடி. 1866ல மொதமொதல்ல பெருங்காயப் பிசின்ல இருந்துதான் பிரிச்சாங்க. சாம்பார்ல போடுறது, சோத்துத் தோல்ல இருக்கிறது, ரெண்டும் ஒரே ஆசிட். இது தெரிஞ்ச அன்னைக்கு வீட்டுல சொன்னேன், "அதுக்கு?"ன்னு கேட்டாங்க.

8 ஜூன்

இன்னொரு விஷயம். பட்டை தீட்டின அரிசி தின்னா பெரிபெரி வந்துச்சே, கால் மரத்து, வீங்கி, இதயம் நின்னு செத்தாங்களே, தவிட்டுல ஆன்டிஆக்ஸிடன்ட் இருக்கிறதுக்கு அதைவிட என்ன சாட்சி வேணும்.

9 ஜூன்

நேத்து எழுதினது தப்பு. மூணு பேர் அடிச்சிருக்கீங்க, ஒருத்தர் டாக்டர் வேற. ஒத்துக்கறேன், ராத்திரி பதினொரு மணிக்கு எழுதினது. அழிக்கல, இருக்கட்டும், என்னை மாதிரி குழப்பிக்கிறவங்க நிறைய பேர் இருப்பாங்க.

பெரிபெரிக்குக் காரணம் தயாமின், பி1 வைட்டமின், அது இல்லாததுதான். ஃபீனாலிக்குக்கும் அதுக்கும் சம்பந்தம் ஒரே தோல்ல குடியிருக்கிறது மட்டும்தான், ஒரே லைன் வீட்டுல ரெண்டு குடித்தனம் மாதிரி. ஜாவாவுல 1890கள்ல எய்க்மன்னு டச்சு டாக்டர், கோழிக்கு மிலிட்டரி ஆஸ்பத்திரியில மிஞ்சின வெள்ளைச் சோறு போட்டிருக்காங்க, கோழி காலு விளங்காம விழுந்துச்சு. புதுசா வந்த சமையல்காரன், மிலிட்டரி அரிசியைச் சிவிலியன் கோழிக்கு ஏன் போடணும்னு நிறுத்திட்டான், தீட்டாத அரிசி போட்டதும் கோழி எழுந்து நடந்துச்சு. அதுக்கு 1929ல நோபல் பரிசு. சமையல்காரனுக்கு ஒண்ணும் குடுக்கல.

நம்ம ஆளுங்க சம்பந்தப்பட்ட பகுதி மலாயாவுல. அங்க சீனக் கூலியாளுங்க பச்சரிசி தின்னு பெரிபெரியில செத்தாங்க, தமிழ்க் கூலியாளுங்க புழுங்கல் தின்னு தப்பிச்சாங்க. கோலாலம்பூர் மனநல ஆஸ்பத்திரியில ஃபிளெட்சர்னு டாக்டர் 1905, 1906ல ஒரு பாதிக்குப் புழுங்கலும் இன்னொரு பாதிக்குப் பச்சரிசியும் போட்டே பாத்தார், பச்சரிசிப் பக்கம்தான் விழுந்துச்சு. நெல்லைப் புழுக்கும்போது தயாமின் தோல்ல இருந்து உள்ள இறங்கி அரிசியில தங்கிருது, அப்புறம் தீட்டினாலும் அவ்வளவாப் போகாது. ஃபீனாலிக் அப்படி இல்ல, புழுக்குற தண்ணியோட கொஞ்சம் போயிரும். ஆக ஒரே சட்டியில ஒண்ணு வரவு, ஒண்ணு செலவு. இதைக்கூட ஒழுங்கா யோசிக்காம எழுதினேன் பாருங்க.

15 ஜூன்

மழை பிடிச்சிருச்சு. கடைக்கு முன்னாடி முழங்கால் தண்ணி. உக்காந்தே இருக்கிறதால என் தவிட்டுக் கதை.

நாலு வருஷம் முன்னாடி, இதே மாதிரி ஒண்ணைப் படிச்சுட்டு, நல்ல தவிடு ரெண்டு வீசை மில்லுல இருந்தே நேரா வாங்கினேன். சலிச்சு, பிளாஸ்டிக் டப்பாவுல அடைச்சு, தினம் காலையில கஞ்சியில ரெண்டு கரண்டி. மொத நாள் வாசனை பிரமாதம், கொஞ்சம் கடலை வறுத்த மாதிரி, கொஞ்சம் பால் மாதிரி. ஜூலை மாசம் அது. ஒரு வாரத்துல லேசா சோப்பு வாடை. சத்துன்னா அப்படித்தான் இருக்கும்னு நானே எனக்குச் சொல்லிக்கிட்டேன். அம்மாவுக்கும் குடுத்தேன். பத்தாம் நாள் அம்மா ராத்திரி முழுக்க பாத்ரூம்ல. எனக்கும் வயிறு கடமுடா. விடிஞ்சதும் அம்மா டப்பாவைத் திறந்து மோந்து பாத்துட்டு சொன்னது: "இதை மாட்டுக்கு வச்சா மாடு திரும்பிப் பாக்குமாடா?"

காரணம் எளிசு. தவிட்டுல ஆறுல ஒரு பங்கு போல எண்ணெய். அதோடயே லைபேஸ்னு ஒரு என்சைம். தோலா இருக்கிற வரைக்கும் ரெண்டும் தனித்தனி அறை. மெஷின் உரிச்ச அடுத்த நிமிஷம் அறைச்சுவர் உடைஞ்சு ரெண்டும் கலந்து எண்ணெய் கெட ஆரம்பிச்சுரும், நம்ம ஊர் ஜூலை ஈரத்துல கேக்கவே வேண்டாம். எண்ணெய் ஆட்டுறவங்க மணிக் கணக்குப் பாத்துத்தான் தவிட்டை எடுத்துட்டுப் போவாங்க. வேணும்னா வாங்கின அன்னைக்கே வறுக்கணும், அடிகனமான சட்டியில, கிண்டிக்கிட்டே, நல்லா சூடு ஏறுற வரைக்கும், என்சைம் சாகணும். ஆறவச்சு ஃபிரிட்ஜ். கரண்ட் இருந்தா.

அப்ப ஆன்டிஆக்ஸிடன்ட் இருந்தும் ஏன் கெட்டுச்சுன்னு கேப்பீங்க. ஆன்டிஆக்ஸிடன்ட் தடுக்கிறது ஆக்ஸிஜன் வேலையை. லைபேஸ் பண்றது வேற வேலை, அது கத்திரிக்கோல். திருடனுக்குப் பூட்டு போட்டா கரையான் வராம இருக்குமா.

16 ஜூன்

தவிட்டெண்ணெய் பத்திக் கேட்டவருக்கு. அதுல ஓரைசனால்னு இருக்கு, ஃபெரூலிக் ஆசிட் கொழுப்பு ஜாதி மூலக்கூறோட கைகோத்தது. ஜப்பான்காரங்க 1950கள்ல கண்டுபிடிச்சாங்க. எண்ணெயைக் காஸ்டிக் சோடா போட்டு ரீஃபைன் பண்ணினா ஓரைசனால்ல பெரும்பகுதி சோப்புக் கழிவோட போயிரும். ஆவியில ரீஃபைன் பண்ணினா நிறைய தங்கும். புட்டியில எது எதுன்னு எழுத மாட்டான். பொரிக்க நல்ல எண்ணெய், சட்டுன்னு புகையாது, அதுக்காக வாங்குங்க.

21 ஜூன்

கறுப்பு அரிசி. இதைத்தான் எழுதணும்னு காத்துக்கிட்டிருந்தேன்.

இங்க ஙச்செய்னு சொல்ற கறுப்புக் கவுக்நியின் இருக்கே, ஒட்டரிசி, இதுதான் செட்டிநாட்டுப் பக்கம் கவுனி அரிசி. பர்மாவுல லேவாதேவி பண்ணின செட்டியாருங்க ஊருக்குக் கொண்டுபோனது, கவுக்நியின் வாய் மருவிக் கவுனி ஆச்சுன்னு தாத்தா சொல்லுவார். ரெண்டையும் வேகமாச் சொல்லிப் பாருங்க, நம்பலாம் போலத்தான் இருக்கு. அங்க கல்யாணத்துல தேங்காய், சர்க்கரை போட்டுத் தாம்பாளத்துல வைக்கிறாங்க. இங்க காலையில தெருமுனையில பெப்யோன்னு சொல்ற அவிச்ச பயறும் எள்ளுப்பொடியும் தூவி வாழை இலையில ரெண்டு பிடி.

அந்தக் கறுப்பு ஆந்தோசயனின், அதுவும் ஃபீனாலிக்தான், ஆனா ஃபெரூலிக் மாதிரி முடிச்சு போட்டு இல்ல, தண்ணியில கரையும். இதுதான் எனக்கு வினையாச்சு. கல்யாணமான புதுசுல மொத தடவை ஙச்செய் நானே வாங்கிட்டு வந்து கழுவினேன். தண்ணி மை மாதிரி. சாயம் போட்டு ஏமாத்திட்டான்னு கோவம். அஞ்சு தண்ணி, ஆறு தண்ணி, தெளியுற வரைக்கும் கழுவி, ராத்திரி ஊறவச்சு காலையில அந்தத் தண்ணியையும் கொட்டிட்டு வேகவச்சேன். வெளுத்துப்போன பழைய கைலி நிறத்துல ஒரு சோறு வந்துச்சு. மாமியார் ஒண்ணும் பேசல, தட்டைப் பாத்தாங்க, என்னைப் பாத்தாங்க, அவ்வளவுதான். அவங்க ஒரே தண்ணி அலசுவாங்க, ஊறின தண்ணியோடயே வேகவைப்பாங்க.

சாயமான்னு சந்தேகம் இருந்தா ரெண்டு வழி. ஒரு அரிசியை நகத்தால சுரண்டுங்க, உள்ள வெள்ளையா இருக்கணும், கறுப்பு தோல்ல மட்டும்தான். இல்லன்னா ஊறின தண்ணியை ரெண்டு கிளாஸ்ல ஊத்தி ஒண்ணுல எலுமிச்சை பிழியுங்க, பளிச்சுன்னு சிவக்கும். இன்னொண்ணுல ஆப்பசோடா ஒரு சிட்டிகை, நீலமாகி பச்சைப் பக்கம் போகும். எங்க வீட்டு போர்த் தண்ணியில ஊறவச்சா ஊதாவுல நீலம் தூக்கலா வரும், மழைத்தண்ணியில வச்சா சிவப்பு தூக்கல், ரொம்ப நாள் அரிசிதான் வேற வேறன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்.

வேகும்போது ஆந்தோசயனின் நல்லாவே உடையும், அதுல ஒரு பங்கு புரோட்டோகேட்டச்சூயிக் ஆசிட்னு சின்ன ஃபீனாலிக்கா மாறும். முழு நஷ்டம் இல்ல. கஞ்சி வடிக்கிற ஆளா இருந்தா முழு நஷ்டத்துக்குக் கிட்ட.

22 ஜூன்

சிவப்பு அரிசியில இருக்கிறது ஆந்தோசயனின் இல்ல, நேத்து கறுப்பை மட்டும்தான் சொன்னேன், ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சுராதீங்க. அது டானின் ஜாதி, தேயிலை, பாக்கு துவர்க்குமே அந்தக் குடும்பம். கழுவினா அவ்வளவு போகாது. காட்டு நெல்லு எல்லாம் சிவப்புதான். ஆர்சின்னு ஒரு ஜீன்ல 14 டிஎன்ஏ எழுத்து விழுந்துபோனதால நிறம் நின்னுபோச்சு, உலகத்துல பெரும்பாலான வெள்ளை அரிசி அந்த ஒரு எழுத்துப்பிழையில இருந்து வந்ததுன்னு 2006ல கண்டுபிடிச்சாங்க. நம்ம ஆளுங்க அந்தப் பிழையைத்தான் ஆயிரக்கணக்கான வருஷமா பொறுக்கி எடுத்து விதைச்சிருக்கோம்.

1 ஜூலை

இதை எழுதலாமான்னு யோசிச்சேன். எழுதுறேன்.

ஃபீனாலிக்னா நல்லது, இன்னும் கொஞ்சம் போடுன்னு நான் ஒரு காலத்துல வீட்டையே ஆட்டி வச்சேன். மூணு வேளையும் தீட்டாத சிவப்பரிசி, சாப்பிட்ட கையோட கெட்டித் தேத்தண்ணி, சாயங்காலம் லபெத்தோ, அதான் புளிச்ச தேயிலைக் கலவை. வீட்டுக்காரிக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சுச்சு, மாடிப்படி ஏறினா உக்காந்துருவா. ஒரு இடத்துல காட்டினோம், சத்து மாத்திரை குடுத்து அனுப்பிட்டாங்க, என்ன சாப்பிடுறீங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல. ரெண்டு மாசம் கழிச்சு இன்னொரு இடத்துல வயசான லேடி டாக்டர், ரத்த ரிப்போர்ட்டைப் பாத்துட்டு மொதக் கேள்வியே, "சோத்தோட டீ குடிப்பீங்களா?"

டானினும் தேயிலை ஃபீனாலிக்கும் குடல்ல இரும்பைப் பிடிச்சுக்கும், கீரை, பருப்புல இருந்து வர்ற இரும்பு உடம்புல சரியா ஏறாது. தவிட்டுல இருக்கிற ஃபைட்டிக் ஆசிடும் அதே வேலை. ஆன்டிஆக்ஸிடன்டா இருக்கிறதுக்கு எந்த குணம் காரணமோ அதே குணம்தான் அங்க இரும்பையும் பிடிக்குது, நல்லவன் கெட்டவன்னு தனியா ஆள் இல்ல. டீயைச் சாப்பாட்டுல இருந்து ஒரு மணி நேரம் தள்ளி வச்சோம், சோத்துல எலுமிச்சை, மாத்திரை தனி, இப்ப நல்லா இருக்கா. ரத்தம் கம்மியா இருக்கிறவங்க, மாசமா இருக்கிறவங்க, இந்த இழையில நான் ஜூன் மாசம் எழுதினதை எல்லாம் படிச்சுட்டு தவிட்டு மூட்டை வாங்கிராதீங்க. அவ இதைப் படிச்சுட்டு "இருபது வருஷத்துல மொத தடவை தப்பை ஒத்துக்கிட்டு எழுத்துல குடுத்திருக்கீங்க"ன்னு சொல்றா. பெரிபெரிக்கு ஒத்துக்கிட்டேனே, அது கணக்கு இல்லையா.

4 ஜூலை

சூப்பர் மார்க்கெட்ல கறுப்பரிசி பாக்கெட்ல ஓராக் மதிப்பு இவ்வளவுன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கான், போட்டோவுக்கு நன்றி. அந்த எண் டெஸ்ட் டியூப்ல எவ்வளவு ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுக்குதுங்கிறதுக்கு. அமெரிக்க விவசாயத் துறையே இந்த எண்ணை எல்லாம் ஒரு பட்டியலாப் போட்டு வச்சிருந்து, உடம்புல நடக்கிறதுக்கும் இதுக்கும் சம்பந்தம் காட்ட முடியல, கம்பெனிக்காரன் விளம்பரத்துக்குத் திரிக்கிறான்னு 2012ல எடுத்துட்டாங்க. எடுத்து எத்தனை வருஷமாச்சு, பாக்கெட்ல இன்னும் இருக்கு. என் ஜன்னலோர நீலக்கணக்கும் அதே லட்சணம்தான், ஃபோலினுக்கு வைட்டமின் சி, சர்க்கரை எது கிடைச்சாலும் நீலமாகும்.

10 ஜூலை

ஆடி பொறக்கப் போகுது, கூழ் பேச்சு வந்திருச்சு. கேப்பை கிடைக்காத வருஷம் எங்க அத்தை நொய்யிலயே கூழ் காய்ச்சி ஊத்துவாங்க, அம்மன் ஒண்ணும் சொன்னதில்ல. கேப்பையில ஃபீனாலிக்ல பெரும்பங்கு அந்தச் செங்கறுப்புத் தோல்லதான், அதைத் தோலோட அரைக்கிறதால தப்பிச்சுது, அரிசி மாதிரி உரிக்க முடியாத அளவுக்குச் சின்னது. ராத்திரி புளிக்கவச்சா பாக்டீரியா முடிச்சுல கொஞ்சத்தை முன்னாடியே அவுத்து வச்சிரும், பெருங்குடல் வரைக்கும் காத்திருக்க வேணாம். அத்தைகிட்ட இதைச் சொன்னேன், "புளிச்சாத்தான் கூழு, புளிக்கலன்னா பசை"ன்னாங்க.

மக்காச்சோளத்தோலைப் பத்தி எழுத மறந்துட்டேன், தானியத்துலயே ஃபெரூலிக் அதிகம் அதுலதான், 100 கிராம்ல 3 கிராம் வரைக்கும். மெக்சிகோக்காரங்க சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணியில வேகவைப்பாங்க, லேப்ல காஸ்டிக் சோடா பண்ற வேலையை அடுப்படியிலயே பண்ணிட்டாங்க.

12 ஜூலை

மோல்மீன் தங்கச்சி எழுதியிருக்கு, மாமியார் உமித்தண்ணியை விட்டுட்டாங்களாம். நான் எழுதினதால இல்ல, வீடியோக்காரன் இப்ப வேப்பங்கொழுந்துக்கு மாறிட்டானாம். சுகருக்கு டாக்டர் மாத்திரையை நிறுத்தியிருந்தாங்களான்னு தனியாக் கேட்டேனே, அதுக்குப் பதில் இல்ல. தங்கச்சி, அதைச் சொல்லுங்க மொதல்ல.

13 ஜூலை, காலை

மாத்திரை போட்டுக்கிட்டுத்தான் இருந்தாங்களாம். சரி.

இன்னைக்கு நடந்தது. எட்டு மாசமா தெருமுனையில ஒரு அக்காகிட்ட ஙச்செய் கவுக்நியின்தான் காலைச் சாப்பாடு, ஊதா கலர்ல தகதகன்னு இருக்கும், ஆந்தோசயனின் தின்கிறேன்னு மனசுக்குள்ள ஒரு பெருமை. மழைன்னு கூட்டம் இல்ல, நின்னு பேசிக்கிட்டிருந்தேன். ஙச்செய் விலை ஏறிப்போச்சே, எப்படிக் கட்டுப்படியாகுதுன்னு கேட்டேன். அந்த அக்கா சிரிச்சுட்டு ஊறவச்ச சட்டியைத் திறந்து காட்டுச்சு. பால்டின் கணக்குல அஞ்சு டின் வெள்ளை ஒட்டரிசி, ஒரு டின் கறுப்பு. ராத்திரி ஒண்ணா ஊறினா காலையில எல்லாம் ஒரே ஊதா.

ரெண்டு பிடி வாங்கிட்டு வந்தேன், எள்ளுப்பொடி அதிகமா போடச் சொல்லி.